மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் தூண்டிலிடுவோருக்கு: நூல், முள், ரீல் ஆகியவற்றின் தெரிவும் பராமரிப்பும்

ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளில் மரக்கறிப் பாத்திகளை வைத்திருப்போரும், கீழ்ப் பள்ளத்தாக்குகளில் நெல் விளைவிப்போரும் வேலை ஓய்ந்த நாள்களில் தூண்டிற்கோலுடன் நீர்க்கரைக்குச் செல்வது வழக்கம். பொழுதுபோக்காகச் செல்வோர் சிலர். வீட்டுக் கறிச்சட்டியை எண்ணிச் செல்வோரே பலர். கரைக்கு வந்த மீன் கைக்கு வராமற் போனால் முன்னவருக்கு அது ஒரு கதையாகும். பின்னவருக்கு அன்றைய இராச்சோறு வெறுஞ்சோறாகும். இவ்வாறு கைவிட்டுப் போகும் மீன்களுட் பெரும்பாலானவை கோல் ஒடிந்ததாலோ ரீல் பழுதுபட்டதாலோ போவதில்லை. முள்ளுக்கு மேலேயுள்ள முதல் ஒரு முழ நூலிலும், அந்நூலின் முடிச்சிலுமே அவை போகின்றன. ஆயினும், கடைக்குச் செல்வோர் தம் பணத்தின் பெரும்பகுதியை ரீலுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய சில்லறைக்கு நூல் வாங்கி வருகின்றனர். இப்பிரசுரம் இவ்வொழுங்கை மாற்றும் பொருட்டே வெளியிடப்படுகின்றது.

மலைநாட்டு நீர்நிலைகளின் இயல்பு

நுவரெலியாவிலுள்ள கிரகரி வாவி 1873 ஆம் ஆண்டில், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலி ஓயாவை மறித்துக் கட்டப்பட்ட மவுசாகலை நீர்த்தேக்கமும் 1960களில் மின்னுற்பத்திக்கென எழுந்தவை. கொத்மலை நீர்த்தேக்கம் 1985 ஆம் ஆண்டிலும், தலவாக்கலையிலுள்ள மேல் கொத்மலை நீர்த்தேக்கம் 2012 ஆம் ஆண்டிலும் பயன்பாட்டுக்கு வந்தன. வாவியை விடுத்து ஏனையவற்றை நோக்கின், அவற்றின் அடியில் இருப்பது வெறும் மணலன்று. தேயிலைச் செடிகளின் அடிக்கட்டைகள், கல்லணைகள், பழைய வீதிகள், வீட்டுச் சுவர்கள் ஆகியன அங்கே கிடக்கின்றன. மவுசாகலையில் நீர் வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியா நகரின் கோவிலும் விகாரையும் வெளியே தெரிவதை அவ்வூரார் அறிவர். நீருள் இழுபடும் நூல் இக்கட்டைகளிலும் கற்களிலும் உராய்ந்தே வருகின்றது. கடையில் நூல் தெரியும்போது இதனை மறத்தலாகாது.

இனி மீனினங்கள். திலாப்பியா 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நாட்டின் நன்னீர் மீன் அறுவடையில் முதலிடம் அதற்கே. கார்ப் எனப்படும் கெண்டை இனமும் மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் உண்டு. டிரவுட் மீன் 1880களில் ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரால் குளிர்ந்த ஓடைகளில் விடப்பட்டது. இம்மீன் வாழும் ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டமையால், அங்கே அனுமதியின்றித் தூண்டிலிடுதல் குற்றமாகும். ஆகவே சாதாரணக் குடும்பத்தாருக்குரியவை திலாப்பியாவும் கார்ப்பும் எனக் கொள்ளலாம். திலாப்பியாவின் வாய் சிறியது. அது இரையைக் கொறித்துத் தின்னும். கார்ப்பின் வாயோ பல்லற்றது, தடித்த உதடுடையது. அடிச்சேற்றிலுள்ள இரையை உறிஞ்சி எடுக்கும், பிடிபட்டதும் நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு ஓடும்.

கொழும்பு, கண்டி ஆகிய நகரங்களின் கடைகளில் தொங்கும் பளபளப்பான ரீல்களுட் பல, வட அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் என்னும் மீனுக்கென ஆக்கப்பட்டவை. அம்மீன் நீர்ப்பாசிகளிடையே பதுங்கியிருந்து, அசையும் போலி இரையைப் பாய்ந்து கவ்வும் இயல்புடையது. அதனைப் பாசியிலிருந்து பிடுங்கியெடுக்க விறைப்பான கோலும், தடித்த நூலும், பெரிய முள்ளும் வேண்டும். நம் நாட்டில் தாழ்நிலக் குளங்களிலுள்ள விராலும் அவ்வாறே பதுங்கிப் பாய்வதால், விரால் பிடிப்போருக்கு அக்கருவிகள் ஓரளவு பொருந்தும். காசல்ரீயின் கரையிலிருந்து மண்புழு கோத்துத் திலாப்பியா பிடிப்போருக்கு அவை பொருந்தா. பெரிய முள்ளைத் திலாப்பியா வாய்க்குள் எடுப்பதில்லை; கொறிக்கும்போது ஏற்படும் சிறு அசைவு விறைத்த கோலில் கைக்குத் தெரிவதுமில்லை. விலை கூடிய பொருளே நல்ல பொருள் என்னும் எண்ணம் இங்கே செல்லாது.

நூல்

அக்காலத்தில் குதிரைமயிர், பட்டுப்புழுவின் குடல்நார், பருத்தி, சணல் ஆகியவற்றால் தூண்டில் நூல் செய்யப்பட்டது. அமெரிக்காவின் டூபொன்ட் கம்பெனியார் 1938 ஆம் ஆண்டில் நைலோனை உலகுக்கு அறிவித்த பின்னர் அவை யாவும் மெல்ல மறைந்தன. தங்கூசி என மக்கள் அழைக்கும் ஒற்றையிழை நைலோன் நூலே இன்றும் மலைநாட்டுக்கு மிகவும் ஏற்றது. பல இழை பின்னிய நூல் அதே பருமனில் கூடிய பலமுடையதாயினும், கல்லிலும் கட்டையிலும் உராயும்போது எளிதில் அறுந்துபோகும், விலையும் மிகுதி, நீட்சியற்றதாகையால், கார்ப் திடீரெனத் தலையை உதறும்போது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நைலோனோ இறப்பரைப் போலச் சற்று நீண்டு கொடுத்து அவ்வதிர்ச்சியைத் தாங்கும். இது சிறு நன்மையன்று.

நூலின் பருமனும் பலமும் நூற்கட்டையின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக 0.20 மில்லிமீற்றர் நைலோன் ஏறத்தாழ 3 கிலோகிராமையும், 0.25 மில்லிமீற்றர் 4 முதல் 5 கிலோகிராம் வரையும், 0.30 மில்லிமீற்றர் 6 முதல் 7 கிலோகிராம் வரையும் தாங்கும். சிலவற்றில் பலம் இறாத்தலில் தரப்பட்டிருக்கும். 10 இறாத்தல் என்பது ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம். திலாப்பியாவுக்கு 0.20 போதும். கார்ப் வரக்கூடிய இடமாயின் 0.28 அல்லது 0.30 வேண்டும். தடித்த நூல் தரமற்ற நூலின் குறையை மறைக்கும் என்று கருதி 0.40 வாங்குவோர் உளர். அந்நூல் உருளையில் கம்பி போல் விறைத்து நிற்கும்; எறிந்தால் தூரம் போகாது; தெளிந்த நீரில் மீனின் கண்ணுக்கும் தெரியும்.

அச்சிட்ட பலத்தை முற்றாக நம்புதல் கூடாது. நைலோன் நீரை உறிஞ்சும் இயல்புடையது. நனைந்த நூல் உலர்ந்த நூலிலும் பத்தில் ஒரு பங்கு அளவேனும் பலம் குறைந்தது. ஆகவே வாங்கிய நூலை வீட்டிலேயே சோதித்தல் நன்று. அதற்குத் தராசு வேண்டியதில்லை. ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம் என்பதே போதுமான அறிவு. நூலில் ஒரு முழத்தை நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு முனையை வளையிலோ மரக்கிளையிலோ கட்டி, மறுமுனையில் வாளியைக் கட்டித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, சிறுகச் சிறுக அளந்து நீர் ஊற்றவேண்டும். வாளியின் நிறையையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும். 3 கிலோகிராம் என்று விற்ற நூல் ஒன்றரையில் அறுந்தால், எவ்விடத்தில் அறுந்தது என்று பார்க்கவேண்டும். நடுவில் அறுந்தால் நூல் பழையது அல்லது தரமற்றது. முடிச்சில் அறுந்தால் குற்றம் கடைக்காரருடையதன்று.

முடிச்சு

கயிற்றில் இடும் சாதாரண முடிச்சை நைலோனில் இட்டால் நூலின் பலத்தில் ஏறத்தாழ அரைவாசி அவ்விடத்திலேயே போய்விடும். ஆட்டைக் கட்டும் முடிச்சுடன் மீன்பிடிக்கச் செல்பவர் 5 கிலோகிராம் நூலுக்குப் பணங்கொடுத்து இரண்டரைக் கிலோகிராம் நூலைப் பயன்படுத்துகின்றார். பின்வரும் முறையை ஒரு மாலைப் பொழுதில் பழகிக்கொள்ளலாம்.

நூலின் நுனியை முள்ளின் கண்வழியே நுழைத்து ஒரு சாண் அளவுக்கு இழுத்துக்கொள்க. அந்நுனியை மேலே செல்லும் நூலைச் சுற்றி ஐந்து முறை முறுக்குக. மெல்லிய நூலாயின் ஆறு முறை. முறுக்கியபின், முள்ளின் கண்ணை ஒட்டித் தோன்றும் சிறு வளையத்தினூடாக நுனியைச் செலுத்துக. இப்போது மேலே ஒரு பெரிய வளையம் உண்டாகியிருக்கும். அதனூடாகவும் நுனியைச் செலுத்துக. பின்னர் முடிச்சை நீராலோ உமிழ்நீராலோ நன்கு நனைத்து, நுனியை விரலால் பிடித்துக்கொண்டு, மேல் நூலை மெதுவாகவும் ஒரே சீராகவும் இழுத்து இறுக்குக. முறுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமர்ந்தால் முடிச்சு சரியானது. ஏறியிருந்தால் அறுத்தெறிந்துவிட்டு மீண்டும் இடுக. எஞ்சிய நுனியில் இரண்டு மூன்று மில்லிமீற்றரை விட்டு வெட்டுக.

நனைத்தல் என்பது சடங்கன்று. உலர்ந்த நைலோனை இறுக்கும்போது இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறுகின்றன; அச்சூட்டில் நூல் அவ்விடத்தில் இளகிப் பலமிழக்கின்றது. இறுக்கிய முடிச்சினருகே நூல் வெண்மையாகவோ சுருண்டோ தோன்றினால் அது சூட்டால் கெட்ட நூல் என அறியலாம். கரையில் குளிரில் விறைத்த விரல்களால் அவசரமாக இடப்படும் முடிச்சுகளுக்கு இக்கேடு பெரிதும் நேர்கின்றது. ஆதலின், நாலைந்து முட்களை ஒவ்வொரு முழ நூலில் வீட்டிலேயே முடிந்து, ஒரு மட்டைத்துண்டில் சுற்றிக் கொண்டு செல்வதே சிறந்தது.

முள்

முட்களின் இலக்கம் தலைகீழாகச் செல்வது புதியவரைக் குழப்பும். இலக்கம் கூடக்கூட முள் சிறிதாகும். திலாப்பியாவுக்கு 8 அல்லது 10. கார்ப்புக்கு 4 அல்லது 6. புதிய முள்ளேயாயினும் கூர் பார்க்காமல் கட்டலாகாது. முள்ளின் நுனியைப் பெருவிரல் நகத்தின்மேல் சாய்வாக வைத்து மெதுவாக இழுத்தால், கூரிய முள் நகத்தில் பற்றி நிற்கும். மழுங்கியது வழுக்கிச் செல்லும். வழுக்கும் முள்ளைச் சிறிய அரத்தால் நுனியை நோக்கி இரண்டு மூன்று முறை தேய்த்தால் போதும். கல்லில் பட்ட முள் ஒவ்வொன்றையும் இவ்வாறு பார்த்தல் வேண்டும்.

துரு பிடித்த முள்ளைத் தேய்த்துப் பயன்படுத்துவது வீண் சிக்கனமாகும். மலைநாட்டு மூடுபனியில் தீப்பெட்டிக்குள் வைத்த முள் ஒரு மாரிக்குத் தாங்காது. இறுக மூடும் சிறு போத்தலில், ஒரு துணித்துண்டில் ஓரிரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு அதனுடன் முட்களை இட்டு வைக்கலாம். கையில் முள் ஏறி, அதன் எதிர்முள் தோலுக்குள் புதைந்துவிட்டால் இழுத்துப் பிடுங்குதல் கூடாது. நூலை அறுத்துவிட்டு வைத்தியசாலைக்குச் செல்வதோடு, ஏற்பு ஊசி போட்டுள்ளமையையும் உறுதி செய்தல் வேண்டும். நாள்தோறும் சாணத்திலும் மண்ணிலும் கைவைப்போருக்கு இது மிகவும் அவசியம்.

ரீல்

கோல் நுனியில் நூலைக் கட்டிப் பிடிப்போருக்கு ரீல் தேவையே இல்லை. முற்றிய மூங்கிலை வெட்டி, கணுக்களைச் சீவி, அடியில் ஒரு கல்லைக் கட்டி நிழலில் சில வாரங்கள் தொங்கவிட்டு நேராக்கி எடுத்தால், கரையோரத் திலாப்பியாவுக்கு அதனைவிட நல்ல கோல் கடையில் இல்லை. நீர் வற்றிக் கரை தூரப்போகும் மாதங்களில், அல்லது கார்ப்பை நாடும்போது, இருபது முப்பது மீற்றர் எறியவேண்டி வரும். அப்பொழுதே ரீல் பயன்படும்.

வாங்குவதாயின் உருளை அசையாது நிற்க, கம்பிவளை சுற்றிவந்து நூலைச் சுற்றும் வகையையே வாங்கவேண்டும். இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரத்து ஆலைக்காரரான அல்பிரட் ஹோல்டன் இலிங்வேர்த் என்பார் 1905 ஆம் ஆண்டில் இவ்வகை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். நூற்பாலைக் கதிரிலிருந்து நூல் அதன் நுனிவழியே தடையின்றிக் கழன்று வருவதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதென்பர். உருளை சுழலாமலே நூல் வெளியேறுவதால், கற்றுக்குட்டி எறிந்தாலும் பெரிதாகச் சிக்காது. பாஸ் மீனுக்கென விற்கப்படும், கோலின் மேற்புறத்தில் பூட்டப்படும் சிறிய ரீல்களில் எறியும்போது உருளையே வேகமாகச் சுழலும். பெருவிரலால் உரிய நேரத்தில் அதனைத் தடுக்காவிடில் நூல் பறவைக்கூடு போலாகிவிடும். இலேசான இரையை எறியவும் அவை உதவா.

கடையில் பார்க்கவேண்டியவை சிலவே. கைபிடியைச் சுற்றும்போது கரகரப்பு இருத்தலாகாது. கம்பிவளையில் நூல் படும் சிறு கப்பி விரலால் தட்டினால் உருளவேண்டும். அது உருளாவிடில் நூல் ஒரே இடத்தில் உராய்ந்து, சில நாளில் கப்பியிலே பள்ளம் விழும். அப்பள்ளமே பின்னர் நூலை அறுக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் உருண்டைக்குண்டுகளின் எண்ணிக்கைக்கு மயங்கவேண்டியதில்லை.

உருளையில் நூலைச் சுற்றும்போது விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே வரை நிரப்புதல் வேண்டும். குறைத்துச் சுற்றினால் நூல் விளிம்பில் உராய்ந்து தூரம் போகாது. நிறைத்துச் சுற்றினால் கொத்தாகக் கழன்று விழும். நூற்கட்டையைத் தரையில் வைத்து, நனைந்த துணியால் நூலைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்றவேண்டும். பத்து இருபது சுற்றுக்குப் பின் கையைத் தளர்த்திப் பார்க்க நூல் முறுக்கேறிச் சுருண்டால், கட்டையை மறுபக்கம் புரட்டி வைத்துத் தொடர்க.

தடுப்பை அமைத்தல்

ரீலின் தலையிலோ பின்புறத்திலோ உள்ள திருகே தடுப்பு ஆகும். மீன் பலமாக இழுத்தால் நூல் அறுவதற்கு முன்னரே உருளை வழுக்கி நூலை விட்டுக்கொடுப்பது அதன் தொழில். நூலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இத்தடுப்பு இறுகியிருத்தலாகாது. முடிச்சும் ஈரமும் கோலின் வளைவும் எஞ்சியதை உண்டுவிடும். இதனைக் கையால் மதிப்பிடுவோர் எப்போதும் அதிகமாக இறுக்கிவிடுகின்றனர். எளிய வழி வருமாறு: ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி அதன் கழுத்தில் நூலைக் கட்டி, கோலின் வளையங்களினூடாக நூல் செல்ல, கோலைச் சாய்வாக உயர்த்துக. 5 கிலோகிராம் நூலாயின் போத்தல் நிலத்தைவிட்டுச் சற்று எழும்பி, உடனே உருளை வழுக்கி மெல்லக் கீழிறங்க வேண்டும். 3 கிலோகிராம் நூலுக்குப் போத்தலில் ஒரு லீற்றர் போதும். மரக்கறியை நிறுக்கும் சிறிய தொங்குதராசு உள்ளவர் அதனையே பயன்படுத்தலாம்.

மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைபிடியைச் சுற்றிக்கொண்டிருத்தல் கூடாது. நூல் உள்ளே வராது. ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கே ஏறும். முறுக்கேறிய நூலை முள்ளையும் ஈயக்குண்டையும் கழற்றிவிட்டு, ஓடும் நீரில் ஐம்பது மீற்றர் விட்டுச் சில நிமிடங்கள் வைத்திருந்து திரும்பச் சுற்றினால் முறுக்கு நீங்கும். ஓடை இல்லாதவிடத்துப் புல்வெளியில் இழுத்துக்கொண்டு நடந்தாலும் போதும்.

பேணும் முறை

நூலுக்கு முதற்பகை வெயில். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறும்போது, வெயிலிலுள்ள ஊதாக்கதிரின் வலு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுகின்றது. காசல்ரீ சுமார் 1,100 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா நகரம் 1,800 மீற்றருக்கு மேலும் உள்ளன. குளிர்ந்த காற்றினால் வெயில் உறைப்பது தெரிவதில்லையாயினும், லயத்தின் முகட்டில் செருகி வைத்த கோலிலுள்ள நைலோன் சில மாதங்களில் நொறுங்கத் தொடங்கும். நூல் பளபளப்பிழந்து மாவு பூசினாற்போல் தோன்றுவது அதன் அடையாளம். கோலையும் ரீலையும் வீட்டினுள் இருட்டான, காற்றோட்டமுள்ள மூலையில் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது பகை, கமக்காரரின் சொந்தப் பொருள்வைப்பு அறையே. பசளை மூடைகளுக்கும் மருந்தடிக்கும் இயந்திரத்துக்கும் பக்கத்தில் தூண்டிற்கோல் சாத்தி வைக்கப்படுவதைப் பல வீடுகளில் காணலாம். பசளை உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ரீலின் உலோகத்தை அரிக்கும். மாட்டுத் தொழுவத்தில் எழும் அமோனியா வாயு பித்தளைப் பாகங்களைக் கெடுக்கும். பழைய பற்றரியின் அமிலம் ஒரு துளி பட்டாலும் நைலோன் கரைந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத இக்காயம், மீன் இழுக்கும்போதுதான் தெரியவரும்.

இதனிலும் பாரதூரமானது மற்றொன்றுண்டு. பூச்சிகொல்லி வந்த வெற்றுப் போத்தல்களையும் டின்களையும் கழுவி, மண்புழு வைக்கவும், மிதப்பாகவும், பிடித்த மீனைக் கொண்டுவரவும் சிலர் பயன்படுத்துகின்றனர். எத்தனை முறை கழுவினும் நஞ்சு முற்றாக நீங்காது. புழுவைத் தொட்ட கையால் வெற்றிலை மடிப்பவருக்கும், அந்த டின்னில் வந்த மீனை உண்ணும் பிள்ளைகளுக்கும் அந்நஞ்சு சென்று சேரும். அண்மையில் மருந்தடித்த கோவா, லீக்ஸ் பாத்திகளில் மண்புழு தோண்டுவதும் தகாது. மருந்தடிக்கும் இயந்திரத்தை ஓடையில் கழுவினால், பைரெத்ரொயிட் வகை மருந்தாயின், மிகச் சிறிய அளவே மீன்குஞ்சுகளைக் கொன்றுவிடும். வேண்டுமென்றே நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன்பிடித்தலை 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் தடைசெய்துள்ளது.

ரீலைப் பேணுவதற்கு வேண்டியவை ஈரத்துணியும், உலர்ந்த துணியும், தையல் இயந்திர எண்ணெயுமே. வீடு திரும்பியதும் சேற்றைத் துடைத்து, நிழலில் உலரவிட்டு, கைபிடியின் அடியிலும் கம்பிவளையின் இரு மூட்டுகளிலும் கப்பியிலும் ஒவ்வொரு துளி விடுக. தடுப்புத் திருகினுள் எண்ணெய் விடுதல் ஆகாது. எண்ணெய் ஊறிய தட்டுகள் பிடிக்கமாட்டா. ஆண்டுக்கொரு முறை பக்கமூடியைக் கழற்றிப் பழைய கிறீஸைத் துடைத்துப் புதியது சிறிதளவு தடவலாம். கழற்றும் ஒவ்வோர் ஆணியையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கிக்கொள்வது பின்னர் ஏற்படும் தலைவலியைத் தவிர்க்கும்.

கைக்கு எட்டியது தேங்காயெண்ணெய் என்பதால் அதனை விடுவோர் மிகப் பலர். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் காலையில் போத்தலிலுள்ள எண்ணெய் வெள்ளைக் கட்டியாயிருப்பதை எல்லா வீட்டாரும் அறிவர். ரீலுக்குள்ளும் அவ்வாறே உறைந்து சக்கரங்களைப் பிடிக்கும், நாளடைவில் பிசினாகித் தூசியையும் சேர்க்கும். ரீலைக் கழற்றி வைக்கும்போது தடுப்புத் திருகை முற்றாகத் தளர்த்தி வைத்தல் வேண்டும். இறுக்கியபடி மாதக்கணக்கில் விட்டால் உள்ளேயுள்ள தட்டுகள் நசுங்கி, அடுத்த முறை நூலைச் சீராக விட்டுக்கொடாமல் வெட்டிவெட்டி விடும்.

கரையில் கவனிக்கவேண்டியவை

ஒவ்வொரு மீனுக்குப் பின்னும், ஒவ்வொரு முறை கட்டையில் சிக்கி மீண்ட பின்னும், முள்ளுக்கு மேலுள்ள ஒரு முழ நூலை இரு விரல் நகங்களிடையே இழுத்துப் பார்க்கவேண்டும். சொரசொரப்புத் தட்டினால் அவ்வளவையும் வெட்டியெறிந்து புதிதாக முடியவேண்டும். ஒரு முழ நூலின் விலை மிகச் சொற்பமே.

காபன் நாரால் செய்யப்பட்ட கோல் மின்சாரத்தைக் கடத்தும். மலைநாட்டில் மின்நிலையங்களிலிருந்து செல்லும் மின்கம்பிகள் பள்ளத்தாக்குகளையும் நீர்க்கரைகளையும் கடந்து போகின்றன. நீட்டிய கோலுடன் அவற்றின்கீழ் நடப்பதும் எறிவதும் உயிராபத்தாகும். ஈரமான மூங்கிலும் அவ்வளவு நம்பத்தக்கதன்று. ஏப்பிரல், ஒற்றோபர் மாதங்களின் பிற்பகலில் இடி கேட்டவுடன் கோலை மடக்கிக் கரையைவிட்டு நீங்குக. அணைகளுக்குக் கீழேயுள்ள ஆற்றில், தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செத்தெம்பர் வரையான மாதங்களில், வான்கதவு திறக்கப்படும்போது நீர் சில நிமிடங்களில் ஆளுயரம் எழும். எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் கோலையும் மீனையும் விட்டுவிட்டு ஏறவேண்டும். நீர் வற்றிய நீர்த்தேக்கத்தின் சேற்றுத் தரை மேலே காய்ந்து தோன்றினும் உள்ளே இளகியிருக்கும், தனியே இறங்கலாகாது. தூண்டிலிடத் தடையான இடங்களையும், அனுமதி பெறும் முறையையும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரிடம் கேட்டறிந்துகொள்க.

அடிக்கடி கரைக்குச் செல்வோர் ஆண்டுக்கொரு முறை நூலை மாற்றுதல் வேண்டும். முழுவதையும் எறியவேண்டியதில்லை, உருளையின் அடிப்பாதி வெயில் காணாதது. நூலைக் கழற்றி மறுமுனை மேலே வருமாறு சுற்றினால் இன்னுமோர் ஆண்டுக்குப் போதும். கழிக்கப்பட்ட பழைய நூலைக் கரையிலோ வயல்வரம்பிலோ விடுதல் கூடாது. நைலோன் மண்ணில் பல ஆண்டுகளாயினும் மட்காது. நீர்க்காகங்களின் காலில் சிக்கும். மேயும் ஆடு புல்லுடன் விழுங்கும். உழவு இயந்திரத்தின் அச்சில் சுற்றி எண்ணெய்த் தடுப்பு வளையத்தை அறுக்கும். போஞ்சிக் கொடிக்குத் தடி கட்டவும் அது ஆகாது. தண்டு பருக்கும்போது நூல் அதனுள் வெட்டி இறங்கும். கத்தரிக்கோலால் விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, மூடிய டின் ஒன்றில் சேர்த்து, பிரதேச சபையின் குப்பை வண்டியில் கொடுத்துவிடுக.